மருந்து போட்டதும் காய்ச்சல் ஏறுமா?

குட்டீஸ், ஊசி போட்டால் காய்ச்சல் இறங்க வேண்டும் அல்லவா? சில நோய்களில், முதல் டோஸ் மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் காய்ச்சல் குபீரென்று ஏறும்! உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். தலைவலி வேறு. 'தப்பான மருந்தைக் கொடுத்துவிட்டார்களோ?' என்று வீட்டில் எல்லாரும் பயந்துவிடுவார்கள்.

எலிக்காய்ச்சலில் இப்படி நடப்பதுண்டு. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக 'லெப்டோஸ்பைரா' என்ற பாக்டீரியா உள்ளே நுழைந்துவிடும். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட கிருமி. நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். 1907ல் மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்த ஸ்டிம்சன் என்ற அமெரிக்கருக்கு, கேள்விக்குறி போலத் தெரிந்தது. அதனால் 'இன்டெரோகன்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்!

பென்சிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்து இந்தக் கிருமிகளைக் கொல்லும். ஏராளமான கிருமிகள் ஒரே நேரத்தில் உடைந்து சிதறும்போது, அவற்றின் துண்டு துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அவை செத்த கிருமியின் துண்டுகள் என்று நம் வெள்ளை அணுக்களுக்குத் தெரியுமா, என்ன? எதிரிப் படை பெருகிவிட்டது போல, காய்ச்சலை உண்டாக்கும் ரசாயனங்களை அள்ளிச் சுரக்கின்றன. பெரும்பாலும் ஒரு நாளைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இதற்கு 'யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை' என்று பெயர். வாயில் நுழைகிறதா? ஆஸ்திரியாவின் யாரிஷ் 1895லும், ஜெர்மனியின் ஹெர்க்ஸ்ஹைமர் 1902லும் இதைப் பற்றி எழுதிய தோல் டாக்டர்கள். அப்போது பென்சிலினே கிடையாது. சிபிலிஸ் என்ற நோய்க்குப் பாதரசம் கொடுத்தபோது கவனித்தார்கள்.

இது மருந்து அலர்ஜி அல்ல. அலர்ஜி என்றால் தோல் தடித்து அரிக்கும், உதடும் முகமும் வீங்கும், மூச்சு திணறும். அப்படி வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெறும் நடுக்கமும் காய்ச்சலும்தான் என்றாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். எது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பயந்துபோய் நாமே மருந்தை நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமிகள் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பதம் பார்த்துவிடும்.

இந்த எதிர்வினையில் சிலருக்கு ரத்த அழுத்தமும் குறையும். முதல் டோஸ் போட்ட பிறகு நர்ஸ் அக்கா அடிக்கடி தெர்மாமீட்டரும் பி.பி. கருவியுமாக வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.