டிவி கேமா, சிஸ்டமா?

பெங்களூரின் லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஒரு பக்கம் இறங்கினால் குக் டவுனின் மரநிழல். மறுபக்கம் இறங்கினால் ஹென்னூர் சாலையும், சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகளும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஏறி இறங்கும் ஒரே படிக்கட்டுகளும். இந்த மறுபக்கத்துப் பிள்ளைகள் முப்பது வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: கேம் ஆட டிவியில் மாட்டும் பெட்டியை வாங்குவதா, கம்ப்யூட்டர் வாங்குவதா? விடையைத் தீர்மானித்தது பெரும்பாலும் கேமும் இல்லை, கிராஃபிக்ஸும் இல்லை. எந்த அறை, யார் டிவி, யார் பணம், யார் அனுமதி என்பவைதான்.

தொண்ணூறுகளில் வந்தது டிவி கேம். நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமை அப்படியே நகலெடுத்த பெட்டிகள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று ஆளுக்கொரு பெயர். கூடவே ஒரு கேசட். 9999 கேம் என்று மேலே ஒட்டியிருக்கும். மரியோ, கான்ட்ரா, டாங்க், பாம்பர்மேன் என்று கொஞ்சம் போக, மீதியெல்லாம் அதே கேம்கள்தான். ஒன்று மூன்றாவது லெவலிலிருந்து தொடங்கும், இன்னொன்றில் சட்டையின் நிறம் மாறியிருக்கும். வாத்து சுடும் துப்பாக்கியும் உண்டு. அது பிக்சர் டியூபில் ஒளிக்கோடு ஓடும் நேரத்தைக் கணக்கிட்டுச் செய்தது. இன்று பரணிலிருந்து எடுத்து எல்இடி டிவி முன் நீட்டினால் ஒரு வாத்தும் விழாது.

வீட்டில் ஒரே டிவி, அதுவும் ஹாலில். அப்பாவுக்குச் செய்தி, அம்மாவுக்கு சீரியல், எல்லோருக்கும் கிரிக்கெட். நடுவில் மிஞ்சும் மத்தியானம்தான் மரியோவுடையது. அப்போதும், "ரொம்ப ஆடாதேடா, பிக்சர் டியூப் போயிடும்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அசையாத படம் வெகுநேரம் நின்றால் டியூபில் தழும்பு விழும் என்பது உண்மைதான். ஆனால் விடுமுறையில் ஒரு மணி நேரம் கான்ட்ரா ஆடுவதற்கெல்லாம் விழாது. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்டி ஹாலில் இருந்ததால்தான் அக்காவும் ஆடினாள். இரண்டாவது ரிமோட் சும்மா கிடக்க, தம்பிக்கு வேறு ஆள் ஏது? பல வீடுகளில் மரியோவை இளவரசியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்காதான். பின்னால் வந்த சைபர் கஃபேயிலும் கேம் பார்லரிலும் அவளுக்கு இடம் இருக்கவில்லை.

2000ஐ ஒட்டி சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டர், வீட்டுக்குள் நுழைந்தது, படிப்பின் பெயரில். எஸ்.பி. ரோட்டின் கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கி ஒரு கொட்டேஷன் தாள் வாங்கி வருவார்கள்: பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினட், யுபிஎஸ். தாளில் எழுதாத கடைசி வரி, அசெம்பிள் செய்யும் பையன் இலவசமாகப் போட்டுத்தரும் கேம்கள். ரோட் ராஷ், விர்சுவா காப் 2, சில வருடம் கழித்து வைஸ் சிட்டி. எல்லாம் திருட்டுப் பிரதி. டிவி கேம் கேட்டால் முறைக்கிற அப்பா, சிஸ்டம் கேட்டால் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். சர்க்காரும் அந்த அப்பாவைப் போலத்தான் யோசித்தது. 1997இல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்களுக்கும் இறக்குமதி வரி படிப்படியாக ஒழிந்தது. விளையாட்டுப் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஜிஎஸ்டி வந்த 2017இலும் அதே ஓரவஞ்சனை: கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம், கன்சோலுக்கு 28. 2019 ஜனவரியில்தான் கன்சோலும் 18க்கு இறங்கியது.

ஆனால் சிஸ்டத்தில் ஆடுவதற்குப் பொறுமை வேண்டும். ப்ராஜெக்ட் ஐஜிஐ என்ற கேமில் மிஷனுக்கு நடுவே சேவ் செய்யவே முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய் வாசல் தெரியும் நேரத்தில் மின்வாரியமான பெஸ்காம் கரண்டை எடுக்கும். யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கினால் ஒழுங்காக ஷட் டவுன் செய்யத்தான் நேரம் இருக்கும். மிஷனை முடிக்க இருக்காது. ஒரு கேம் 'ரன் ஆகுமா' என்பது இன்னொரு கவலை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் புது கேம் போட்டால் ஸ்லைடு ஷோதான்.

அதனால் எல்லோரும் வெளியே போனார்கள். கம்மனஹள்ளி, ஃப்ரேசர் டவுன் பக்கமெல்லாம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்திருந்த காலம். பள்ளி விட்டதும் அவை கவுண்டர் ஸ்ட்ரைக் மைதானங்கள் ஆகிவிடும். எதிரி நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். செத்தவன் கத்துவது ஸ்பீக்கரில் வருவதற்கு முன்பே காதில் விழும். 2011இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளை இறுக்கியது. தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, அடையாள அட்டை வேண்டும், அட்டை இல்லாத சிறுவன் பெரியவரோடு வரவேண்டும், யார் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தார் என்ற பதிவு ஒரு வருடம் இருக்கவேண்டும். எந்தப் பதினான்கு வயதுப் பையன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடப் போவான்? சைபர்களை விதி மட்டுமே கொன்றுவிடவில்லை, வீட்டு பிராட்பேண்டுக்கும் ஃபோனுக்கும் அதில் பெரிய பங்குண்டு.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2, கதை வேறு. 2000இல் வந்து உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் விற்ற அந்தக் கறுப்புப் பெட்டியை இந்தப் பக்கத்தில் சொந்தமாக வாங்கியவர்களைவிட மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடியவர்கள் அதிகம். ஒரு கார் ஷெட், நாலு டிவி, திருட்டு டிஸ்க் ஓட சிப் போட்ட நாலு பிஎஸ்2, மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்டில் வாங்கிய டிஸ்க்குகள். இதுதான் பார்லர். லென்ஸ் தேய்ந்த பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடும் என்பது பார்லர் அண்ணன்களின் மருத்துவம். பல தடவை ஓடவும் செய்தது. ரெஸ்லிங் ஒரு பக்கம் இருந்தாலும் கூட்டம் என்னவோ கால்பந்துக்குத்தான். கிழக்கு பெங்களூருத் தமிழர்களுக்குக் கால்பந்து புதிதில்லை. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் அருமைநாயகம் பெங்களூர்க்காரர். ஞாயிறு காலை மண் மைதானத்தில் ஆடிவிட்டு, அதே ஷூவோடு பார்லரில் வந்து வின்னிங் லெவன் என்ற கால்பந்து கேம் ஆடிய பையன்களுக்கு கீபோர்டு ஒத்துவராது. கட்டை விரலால் பாஸ் கொடுக்கவேண்டும், தோற்றவன் எழுந்து இடம் விடவேண்டும். சிஸ்டத்தில் அது நடக்காது என்பது அவர்கள் கட்சி. இன்றும் நான் அந்தக் கட்சிதான்.

மேற்கு நாடுகளில் பிஎஸ்2க்கு வயதாகிவிட்ட பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. 2007 ஏப்ரலில் பிஎஸ்3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். பார்லர் வைத்திருந்தவர்களே அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். இந்தியாவுக்கென்றே சோனி 2009இல் அனுமனை நாயகனாக்கி ஒரு பிஎஸ்2 கேம் வெளியிட்டது. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அப்புறம் நெட் வந்தது. பிஎஸ்என்எல் டேட்டாஒன் 2005இல் தொடங்கியபோது வேகம் 256 கேபிபிஎஸ். சில திட்டங்களில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை கணக்கில்லாமல் இறக்கலாம் என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்கள் ஏராளம். இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி. அந்த இணைப்பில், அந்த ராத்திரி நேரத்தில் மட்டும் இறக்கினால் ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். இப்போது மாடிப்படி வழியாக ஏறும் ஃபைபரில் 100 எம்பிபிஎஸ் என்றாலும் இரண்டேகால் மணி நேரம். 2015 நவம்பரில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. கிரெடிட் கார்டும் டாலரும் தேவைப்பட்ட இடத்தில் தள்ளுபடி நாளில் சில நூறு ரூபாய்க்கு ஒரிஜினல் கேம். திருட்டுப் பிரதி மீது எஸ்.பி. ரோடு வைத்திருந்த பிடி அங்கேதான் தளர்ந்தது. போலீஸ் ரெய்டு செய்யாததை விலை செய்தது.

நடுவில் ஃபோன் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. 2016இல் ஜியோ, 2018இல் பப்ஜி மொபைல். டீக்கடைத் திண்ணையில் வரிசையாகக் குனிந்த தலைகள். பெண்பிள்ளைகள் திரும்ப ஆட வந்ததும் ஃபோனால்தான். யாரிடமும் டிவி கேட்க வேண்டாம், எந்த ஷெட்டுக்கும் போகவேண்டாம். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. அப்போது பெரிய திரை பக்கம் தாவிய பையன்களில் பலர் சிஸ்டத்துக்குத்தான் வந்தார்கள், ஆன்லைன் வகுப்பு என்ற நல்ல காரணமும் கூடவே இருந்தது.

இன்று கேட்பவர்கள் இரண்டு சாதி. ஒருவர் மான்யதா டெக் பார்க்கில் வேலை செய்கிறவர், முப்பதைத் தாண்டியவர், அன்று பார்லரில் ஆடியவர். நாள் முழுக்க மானிட்டர் முன் உட்கார்ந்துவிட்டு வந்து, டிரைவர் அப்டேட்டும் செட்டிங்ஸும் பார்க்க அவருக்கு மனசு வராது. குழந்தை தூங்கியதும் பிஎஸ்5 பட்டனை அழுத்தினால் நேற்று விட்ட இடத்தில் கேம் நிற்கவேண்டும். அதற்கு அவர் விலை கொடுக்கத் தயார். 2021 பிப்ரவரியில் 49,990க்கு வந்த பெட்டி அடுத்த ஆண்டே 54,990 ஆனது. வருடம் ஏற ஏற கன்சோல் விலை இறங்கும் என்ற பழைய கணக்கு பொய்த்துவிட்டது. புது கேம் 4,999 என்றால் அவரும் யோசிக்கிறார், ஆனால் டிஸ்க்காக வாங்கி முடித்ததும் விற்றுவிடுகிறார். டிஸ்க் போட வழியில்லாத டிஜிட்டல் மாடலை வாங்கியவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஐயாயிரம், பத்தாயிரம் மிச்சம் என்று அதை எடுப்பது ஏமாந்த கணக்கு என்பது என் எண்ணம்.

இன்னொருவர் கல்லூரிப் பையன். அவனுக்கு சிஸ்டம்தான். கோடிங், எடிட்டிங், ஸ்ட்ரீமிங், வாலரண்ட் எல்லாம் ஒரே பெட்டியில். ஆன்லைனில் ஆட சோனிக்கு மாதச் சந்தா கட்டவேண்டாம். "ப்ராஜெக்ட் ஒர்க் மா" என்ற வாக்கியம் இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் கொட்டேஷன் தாள்தான் கண்ணைக் கட்டுகிறது. 2021இல் கிரிப்டோக்காரர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை வாரிக்கொண்டு போகத் தொடங்கின. எஸ்.பி. ரோட்டில் நேற்றைய விலை இன்று இல்லை.

இதில் கர்நாடகத்துக்கே உரிய ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது. 2023இலிருந்து க்ருஹ ஜோதி திட்டத்தில், வீட்டின் பழைய சராசரிக்குச் சற்று மேல் வரை, அதிகபட்சம் மாதம் 200 யூனிட், கரண்ட் இலவசம். 200ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்டவேண்டும். 400 வாட் இழுக்கும் கேமிங் சிஸ்டத்தில் தினம் நாலு மணி நேரம் ஆடினால் மாதம் 48 யூனிட். பிஎஸ்5 என்றால் அதில் பாதி. பிக்சர் டியூபுக்குப் பயந்த அம்மாவுக்குப் பதில் இப்போது மீட்டர் பார்க்கும் அம்மா. இவர் பயத்தில் நியாயம் அதிகம்.

பெட்டிகளுக்கிடையே இருந்த சுவரும் இடிந்து வருகிறது. காட் ஆஃப் வார் 2022இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. சோனி பெட்டிக்காகவே பிறந்த கேம் அது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைக் கேமாக்கிய 'வெண்பா' 2023இல் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், பழைய லேப்டாப் போதும். முதல் வேலையே இட்லி வேகவைப்பது. கன்ட்ரோலரைத் தொட்டு இருபது வருடமான அக்காக்களிடம் இதைத்தான் நான் கொடுக்கிறேன். ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்கிறார்கள்.

பையன்களுக்கு அடுத்தது ஜிடிஏ 6. நவம்பர் 19, 2026 என்று அதை உருவாக்கும் ராக்ஸ்டார் தேதி சொல்லியிருப்பது பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கும் மட்டும். கம்ப்யூட்டருக்கு எந்தத் தேதியும் இல்லை. போன முறை ஐந்தாவது பாகம் கன்சோலில் வந்து கம்ப்யூட்டருக்கு வர 19 மாதம் பிடித்தது. லட்ச ரூபாய் சிஸ்டம் வைத்திருக்கும் தம்பிகள் இப்போதே மூன்று நாலு பேராகப் பணம் சேர்த்து செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 தேடிக்கொண்டிருக்கிறார்கள். டிஸ்க் போடும் மாடலாகப் பாருங்கள், கேம்களைக் கைமாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.