எட்டுக் குழாய், ஐந்நூறு முட்டை

பட்டு வளர்ப்பவரின் கணக்கு நோட்டில் முதல் வரி ‘100 முட்டைத் தொகுதி’ என்பதாகத்தான் இருக்கும். ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள் சேர்ந்தது ஒரு தொகுதி. வெண்பட்டு இனத்தில் அது ஏறக்குறைய 500. ஆக 100 தாய்கள், 50,000 முட்டைகள். நல்ல பருவத்தில் இதிலிருந்து 60 முதல் 80 கிலோ கூடு எடுக்கலாம். நம் கணக்குக்கு 70 கிலோ, கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 35,000 ரூபாய். முட்டைக்கு 70 காசு, தாய்க்கு 350 ரூபாய்.

இந்த 350 ரூபாய் அந்தச் சின்ன வயிற்றுக்குள் எப்படிச் சேர்கிறது?

அந்துப்பூச்சி சாப்பிடுவதே இல்லை. அதன் வாய் எதற்கும் உதவாது. புழுவாக இருந்த சுமார் 25 நாளில் தின்ற 20, 25 கிராம் மல்பெரி இலைதான் கூட்டுக்கும் முட்டைக்கும் சேர்த்து மொத்த முதலீடு. 50,000 புழுவுக்கு இது ஒரு டன்னைத் தாண்டும். இலை பறித்துச் சுமக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாயின் வயிற்றைப் பிரித்தால் இரண்டு சூலகங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு குழாய்கள், மொத்தம் எட்டு. நூல் போல நீண்டு, சுருண்டு, மடங்கிக் கிடக்கும். குழாய்க்குள் முட்டைகள் கோத்த மணிபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். குழாய்க்கு 60 முட்டை என்றால் நம் கணக்குப்படி 42 ரூபாய். ஒரு முட்டை அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். 500 சேர்ந்தால் கால் கிராமைத் தாண்டும்.

ஒவ்வொரு முட்டையும் எட்டு செல்கள் கொண்ட கூட்டாகத் தொடங்குகிறது. எட்டும் ஒரே செல் மூன்று முறை பிளந்து வந்தவை. அதில் ஒன்றுதான் முட்டையாகும். மற்ற ஏழும் தம்மிடம் உள்ளதையெல்லாம் அந்த ஒன்றுக்கு ஊட்டிவிட்டு அழிந்துபோகும். 500 முட்டைக்கு 3,500 செல்கள் செலவு. பூச்சியின் உடலில் என்னை மிகவும் நெகிழவைப்பது இந்த வரவு செலவுதான்.

சரக்கு வர ஒரு வாசல், போக ஒரு வாசல் என்று சந்தைக் கிடங்கில் இருப்பதுபோல, தாய்க்கும் இரண்டு வாசல்கள். வயிற்றின் எட்டாம் கண்டத்தில் இருப்பது இணைசேரும் வாசல். முட்டை வெளிவருவது வால் நுனியிலுள்ள இன்னொரு வாசலில். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துகளுக்கும் இதே அமைப்புதான். ஆண் தரும் விந்து முதலில் கலவிப் பையில் இறங்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக விந்துக் கொள்பைக்குப் போய்ச் சேமிப்பாகும். முட்டை இறங்கி வரும்போது அந்தச் சேமிப்பிலிருந்துதான் கரு கூடுகிறது.

ஆணின் விந்தணுக்கள் 256 கொண்ட கட்டுகளாக உருவாகின்றன. அவற்றில் இரண்டு வகை. ஒன்றில் உட்கரு உண்டு, மற்றதில் இல்லை. உட்கரு இல்லாதவை கருவாக்காதே, எதற்கு இந்தச் செலவு என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. உட்கரு உள்ளவை கொள்பை வரை போய்ச் சேர இவற்றின் துணை வேண்டும் என்று 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தச் செலவும் வீண் அல்ல.

முட்டை வித்தகங்களில் ஒரு ஜோடியை மூன்று, நான்கு மணி நேரம் சேரவிட்டுப் பிரித்துவிடுவார்கள். ஆணைக் குளிரில் வைத்து இன்னொரு முறை பயன்படுத்துவதால் 100 பெண்ணுக்கு 50 ஆண் போதும். ஆனால் கலப்பினம் வேண்டுமென்றால் அந்து வெளிவருவதற்கு முன்பே கூட்டுப்புழுவில் ஆண் பெண் பிரித்தாக வேண்டும். எட்டாம் கண்டத்தின் அடியில் பெருக்கல் குறி போன்ற மெல்லிய கோடு தெரிந்தால் பெண், ஒன்பதாம் கண்டத்தில் சிறு புள்ளி தெரிந்தால் ஆண். இதை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணை வருத்தும் இந்த வேலையின் மதிப்பு கூட்டின் விலையில் எங்கும் தனியாகத் தெரிவதில்லை.

அந்த எட்டுக் குழாய் வழியாகவே நோயும் இறங்கும். பெப்ரின் கிருமி தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. 1853இல் பிரான்சின் கூடு விளைச்சல் 2 கோடியே 60 லட்சம் கிலோ. 1865இல் 40 லட்சம். அந்த ஆண்டுதான் இந்த நோயை ஆராய லூயி பாஸ்டர் அங்குள்ள அலேஸ் பகுதிக்குப் போனார். அவர் வகுத்த முறையே இன்றும் நடக்கிறது: முட்டையிட்ட தாயை நசுக்கி, கரைசலில் கலந்து, 600 மடங்கு பெரிதாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பது. முட்டை வடிவ வித்துகள் தெரிந்தால் அந்தத் தாயின் முட்டைகள் அனைத்தையும் எரித்துவிட வேண்டும்.

எரிப்பது 350 ரூபாய். எரிக்காமல் விட்டால் அந்த 500 புழுக்களின் எச்சம் இலையில் பட்டு, பக்கத்துத் தட்டுகளுக்கும் நோய் பரவும். 35,000 ரூபாயும் ஆபத்தில். அதனால் முட்டை வாங்கும்போதும், இளம்புழு வாங்கும்போதும், தாய் அந்து சோதித்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். சான்று இல்லாத முட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.