தலைவர் இருக்கிறார், துணைவர் ஏன் போகிறார்?

தேசிய அணிப் பயிற்றுநர்களின் ஒப்பந்தங்களில் பல டிசம்பர் 31-இல் முடிபவை. அதனால் விளையாட்டுச் சங்கங்களில் டிசம்பர் என்பது பெட்டி கட்டும் மாதம். பீடோங்கிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். "தூக்கிவிட்டார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்" என்கிறார் ஒருவர். "வேறு எங்கோ சம்பளம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்" என்கிறார் இன்னொருவர். ரக்பி பார்க்கும் வாசகர் ஒருவரோ, இங்கிலாந்து அணியில் தலைமைப் பயிற்றுநர் அசையாமல் இருக்கும்போது அவருக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும் கழன்றுகொண்டே இருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்து ரக்பியில் என்னதான் நடந்தது?

2015 இறுதியிலிருந்து 2022 டிசம்பர் வரை இங்கிலாந்தின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் எடி ஜோன்ஸ். அவர் காலத்தில் துணைவர்கள், அதாவது துணைப் பயிற்றுநர்கள், வருவதும் போவதும் வாடிக்கை. 'வேலை வாங்கியே ஆளைக் களைக்க வைப்பவர்' என்று பெயரெடுத்த மனிதர் என்பதால் யாரும் பெரிதாக வியக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஸ்டீவ் போர்த்விக் அமைதியானவர். ஆனால் 2024-இல் அவருடைய அறையும் காலியாகத் தொடங்கியது. உடல்தகுதிப் பொறுப்பாளர் அலெட் வால்டர்ஸ் அயர்லாந்து அணிக்குப் போனார். ஆகஸ்டில் தற்காப்புப் பயிற்றுநர் பெலிக்ஸ் ஜோன்ஸ் விலகல் கடிதம் கொடுத்தார். 2019, 2023 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களையும் வென்ற தென்னாப்பிரிக்க அணியின் பயிற்றுநர் குழுவில் இருந்தவர் அவர். இங்கிலாந்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

இங்கேதான் நான் வியக்கிற, கொஞ்சம் அஞ்சவும் செய்கிற ஏற்பாடு வருகிறது. பெலிக்ஸ் ஜோன்ஸ் கடிதம் கொடுத்தார், ஆனால் வெளியே போக முடியவில்லை. ஒப்பந்தப்படி ஓராண்டு முன்னறிவிப்புக் காலம் உண்டு. சங்கம் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அணியோடு சேராமல், தொலைவிலிருந்தே ஆட்டங்களை அலசித் தரும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டது. சம்பளம் உண்டு, அறையில் இடம் இல்லை.

மாற்று ஆள் தேட அவகாசம் வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது பாதி உண்மை. மாற்று ஆளைத் தேட ஓராண்டு எதற்கு? மீதிப் பாதி அவர் தலைக்குள் இருக்கிறது. எந்தச் சைகைக்குத் தற்காப்பு வரிசை முன்னேறும், எந்த ஆட்டக்காரர் இடப்பக்கம் திரும்பத் தடுமாறுவார், பந்து எறியும்போது கத்தும் குறிச்சொல் எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவை அழியும் சரக்கு. ஒரு பருவம் போனால் சைகை மாறும், ஆட்டக்காரரும் மாறுவார். ஆகவே ஆளைப் பூட்டி வைக்க வேண்டாம், காலத்தைப் பூட்டினால் போதும். எதிரணியை அலசும் வேலையைக் கொடுத்தால், போகப் போகிறவருக்கு நம் ரகசியம் புதிதாக எதுவும் தெரியவும் வராது. சட்டப்படி சரியானது, கணக்குப் போட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடும்கூட.

விலை? அந்த நவம்பரில் இங்கிலாந்தின் தற்காப்பு, புதிய பயிற்றுநர் ஜோ எல் அப்த் கையில் இருந்தது. டுவிக்கன்ஹாமில் ஆஸ்திரேலியா 42 புள்ளிகள் எடுத்து 42–37 என்று வென்றது. நியூசிலாந்திடம் 22–24, தென்னாப்பிரிக்காவிடம் 20–29. தற்காப்பு அறிந்த மனிதர் சம்பளப் பட்டியலில் இருந்தார், மைதானத்தில் இல்லை. அடுத்த ஆண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே தென்னாப்பிரிக்கா.

நம் நாட்டில் இப்படிப் பூட்டு உண்டா?

2024 ஜூலை 16-ஆம் தேதி மலேசியக் காற்பந்து அணியான ஹரிமாவ் மலாயாவின் தலைமைப் பயிற்றுநர் கிம் பான் கோன் விலகினார். ஒப்பந்தம் 2025 இறுதி வரை இருந்தது. சொந்தக் கடமைகள் என்று காரணம் சொல்லப்பட்டது. 12 நாள் கழித்துத் தென்கொரியாவின் உல்சான் குழு அவரைத் தன் பயிற்றுநராக அறிவித்தது.

இதன் பின்னணிச் சங்கிலியைப் பாருங்கள். ஆசியக் கிண்ணத்துக்குப் பின் பிப்ரவரியில் கொரியச் சங்கம் தலைமைப் பயிற்றுநர் யூர்கன் கிளின்ஸ்மனை நீக்கியது. அந்த நாற்காலிக்கு ஜூலையில் உல்சானிலிருந்து ஹோங் மியுங் போவை எடுத்தது. உல்சான் காலியானது. அங்கே கிம் போனார். கோலாலம்பூர் காலியானது. அதே ஆசியக் கிண்ணத்தில் கொரியாவோடு மலேசியா 3–3 என்று சமன் கண்டதை நாம் கொண்டாடினோமே, அந்த ஆட்டத்தில் கொரியாவின் பக்கம் நின்றவரின் வேலைதான் சுற்றிச் சுற்றி வந்து நம் பயிற்றுநரைக் கொண்டுபோனது.

கிம் செய்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அழைப்பு வந்தால் யாரும் போவார். ஆனால் இங்கிலாந்து ஒரு துணைவரை மாதக் கணக்கில் பிடித்து வைத்தபோது, நாம் தலைவரையே இரண்டு வாரத்துக்குள் வழியனுப்பினோம். 'சுமுகமாகப் பிரிந்தோம்' என்று ஒரு சங்கம் சொன்னால், பெரும்பாலும் அதன் கையில் பூட்டு இல்லை அல்லது பூட்டத் துணிவில்லை என்றே நான் பொருள் கொள்கிறேன்.

துணைவர் யாருடைய ஆள்?

நியமனக் கடிதத்தில் சங்கத்தின் முத்திரை இருக்கும். நடைமுறையில் அவர் தலைவரின் ஆள். தோட்டத்தில் கங்காணி வேறு தோட்டத்துக்குப் போனால் அவர் கூட்டிவந்த ஆட்களின் நிலை என்ன ஆகும் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். துணைப் பயிற்றுநர் நிலையும் அதுதான்.

பாவ் மார்த்தி கதை நினைவிருக்கும். கிம்முக்குத் துணைவராக இருந்தவர், அவர் போனதும் இடைக்காலப் பொறுப்பேற்றார். செப்டம்பரில் லெபனானை 1–0 என வென்று மெர்டேக்கா கிண்ணத்தையும் பெற்றுத் தந்தார். டிசம்பரில் ஆசியான் கிண்ணத்தில் குழுச் சுற்றோடு வெளியேறினோம். அதே மாதம் புதிய தலைமைப் பயிற்றுநராகப் பீட்டர் க்ளமோவ்ஸ்கியின் பெயர் அறிவிக்கப்பட்டது. கிண்ணம் வென்றது துணைவரின் கணக்கில் நிற்கவில்லை, தோற்றது நின்றது.

தலைவர் நிலைத்திருக்கும்போதும் துணைவர் போவதுண்டு. நியூசிலாந்து ரக்பி அணியின் லியோன் மெக்டோனல்ட், ஸ்காட் ராபர்ட்சனின் கீழ் ஐந்தே டெஸ்ட் ஆட்டங்களுக்குப் பின் 2024 ஆகஸ்டில் விலகினார். ஆட்டத்தைப் பற்றிய பார்வை ஒத்துப்போகவில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. இவ்வளவு நேராகச் சொல்லப்பட்ட விலகல் அபூர்வம்.

மேலே வருவதற்காகவே போகிறவர்கள்?

உண்டு, இவர்கள்தான் கெட்டிக்காரர்கள். துணை நாற்காலியிலிருந்து தலைமை நாற்காலிக்கு நேர்வழி பெரும்பாலும் இல்லை. வெளியே போய்ப் பெயரெடுத்துத் திரும்ப வேண்டும். இங்கிலாந்தின் துணைவராக இருந்த போர்த்விக் 2020-இல் லெஸ்டர் குழுவுக்குப் போனார். 2022-இல் அதை லீக் சாம்பியனாக்கினார். அந்த டிசம்பரிலேயே தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

நம் கெடா இதை அவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. அலோர் ஸ்டார்க்காரர் தான் செங் ஹோ, 2010-இல் சுசுகி கிண்ணத்தை வென்ற கே. ராஜகோபாலின் காலத்தில் தேசிய அணியின் துணைவர். பிறகு மாநிலத்துக்குத் திரும்பினார். 2015-இல் பிரிமியர் லீக், 2016-இல் பினால்டியில் சிலாங்கூரை வென்று மலேசியக் கிண்ணம். 2017-இல் நெலோ விங்காடாவுக்குத் துணைவராக மீண்டும் கோலாலம்பூர். அந்த ஆண்டு முடிவதற்குள் விங்காடா போய், இவரே தலைவர். 2018 சுசுகி கிண்ண இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். 2022 ஜனவரியில் அவரும் விலகினார். க்ளமோவ்ஸ்கியும் ஒருகாலத்தில் ஆஞ்ச் போஸ்டகோக்லுவின் துணைவராக இருந்து தனிவழி போனவர்தான்.

'சொந்தக் காரணம்' என்றால் பொய்யா?

எப்போதும் இல்லை. 2019 ஆகஸ்டில் பூப்பந்தில் பி.வி. சிந்து உலக வாகை சூடிய அடுத்த மாதமே, கொரியப் பயிற்றுநர் கிம் ஜி ஹியூன் இந்தியாவை விட்டுப் போனார். அந்தப் பயிற்றுநரின் கணவர் நோயுற்றிருந்தார். சந்தேகப்பட்டவர்கள் வெட்கப்பட வேண்டிய விலகல் அது.

ஆனால் அதே இந்தியப் பூப்பந்து அணியில் இரட்டையர் பயிற்றுநராக இருந்த பிளாண்டி லிம்பேலே, 2020-இல் குடும்பக் காரணம் சொல்லிப் போய், அதே ஆண்டில் மலேசிய அணியில் சேர்ந்தார். தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆரோன் சியா – சோ வூய் யிக் வெண்கலம் வென்றபோது அவர்தான் பயிற்றுநர். நமக்கு லாபம், எனவே நாம் கேள்வி கேட்கவில்லை. எதிர்த்திசையிலும் இது நடந்தது. இந்தியாவின் சாத்விக் – சிராக் இணையை முதலில் சேர்த்து வைத்தவர் மலேசியரான தான் கிம் ஹெர். 2019-இல் ஒப்பந்தம் முடியும் முன்பே இந்தியாவை விட்டவர், 2025-இல் அங்கேயே திரும்பினார்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

*சம்பளப் பாக்கியால் போகிறார்களா?* 2025–26 பருவத்துக்கு உரிமம் இல்லாமல் சூப்பர் லீக்கை இழந்த கெடா ரசிகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

*உடல்தகுதிப் பயிற்றுநர் போனால் அது செய்தியா?* செய்திதான், யார் தசையில் பிடிப்பு, யார் கடைசி இருபது நிமிடம் தாங்கமாட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

*போகிறவர் ஆட்டக்காரரைக் கூட்டிப்போக முடியுமா?* தேசிய அணியில் முடியாது; ஆனால் 2022-இல் பூப்பந்து வீரர் லீ சீ ஜியா சங்கத்தை விட்டபோது பயிற்றுநர் இந்திரா விஜயா அவர் பின்னால் போனார்.

*'ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை' என்றால்?* நீக்கிவிட்டார்கள், நட்டஈடு கொடுக்காமல்.

*ஒப்பந்தத்தை நாம் பார்க்க முடியுமா?* வெளியிடும் வழக்கமில்லை. சம்பளத்தில் பொதுப்பணம் கலந்திருந்தால் முன்னறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்றாவது சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

*அடுத்த விலகல் அறிவிப்பில் எதைக் கவனிப்பது?* ஒப்பந்தத்தில் மீதி எத்தனை மாதம் என்பதை அன்றைக்கும், ஆள் எங்கே இருக்கிறார் என்பதை இரண்டு வாரம் கழித்தும்.