கறுப்பு வெள்ளை ஸ்லைடு: இருப்பது ஒன்றே, பத்திரம்!

வீட்டு அலமாரியில் அட்டைச் சட்டம் போட்ட குட்டிப் பிலிம் படங்கள் கிடக்கின்றனவா? வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தலைமுடி கறுப்பாகவும் வேட்டி வெள்ளையாகவும் தெரிந்தால் அது நெகடிவ் அல்ல, ஸ்லைடு!

நெகடிவில் எல்லாம் நேர்மாறாக விழும். அதிலிருந்து எத்தனை படமும் அச்சிடலாம். ஸ்லைடு அப்படியல்ல. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் படமாகிறது.

எப்படி? பிலிமை முதலில் மருந்தில் கழுவியதும் நெகடிவ் உருவம் தோன்றும். அந்த வெள்ளித் துகள்களை அமிலம் கலந்த இன்னொரு மருந்து கரைத்துவிடும். மிஞ்சிய வெள்ளி உப்பின்மீது வெளிச்சம் காட்டி மீண்டும் கழுவினால் நேர் உருவம் வந்துவிடும். பிறகு ஹைப்போவில் நனைத்து, தண்ணீரில் அலசி, உலர்த்தி, 5 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் பொருத்துவார்கள்.

புரொஜெக்டரில் ஸ்லைடைத் தலைகீழாகச் செருக வேண்டும். லென்ஸ் அதைப் புரட்டி, திரையில் நேராகக் காட்டும். 24க்கு 36 மில்லிமீட்டர் படம் சுவரளவு விரியும்!

கோடாக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் உற்பத்தியை 2004இல் நிறுத்திவிட்டது. அதற்காகப் படங்களை எறிந்துவிடாதீர்கள். வெள்ளியால் ஆன உருவம் வண்ணப் படம்போல் எளிதில் மங்காது. அதற்கு எதிரி நம் ஊர் ஈரமும் பூஞ்சையும்தான். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். ஸ்கேன் செய்து பிரதியும் எடுத்துவிடுங்கள்.

நெகடிவ் இல்லாத படம் அது. போனால், தாத்தா பாட்டியின் முகமும் போனதுதான்!