கட்டாக்கில் பிறந்து ஒரத்தநாட்டில் விளையும் நெல்

ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பாவுக்கு விதைக்கப்படும் சி.ஆர். 1009 காவிரிக் கரையில் பிறந்த ரகம் அல்ல. ஒடிசா மாநிலம் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பங்கஜ், ஜகந்நாத் என்ற இரு ரகங்களைக் கலந்து உருவாக்கப்பட்டது. அங்கே அதற்குச் சாவித்திரி என்று பெயர். தமிழ்நாட்டுக்கு வந்தபோது பொன்மணி ஆனது. ஏறத்தாழ 160 நாள் வயது, குண்டு மணி. ஒரு மாநிலத்தின் ஆய்வுத் திடலில் இருந்த நெல் இன்னொரு மாநிலத்தின் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துக்கு வந்து சேர, நடுவில் அரசு ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது.

அரசமைப்புச் சட்டப்படி வேளாண்மையும் வேளாண் ஆராய்ச்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆராய்ச்சி நிறுவனங்களை ஒருங்கிணைப்பதும் தரம் வகுப்பதும் மத்திய அரசின் பொறுப்பு. இரண்டையும் இணைக்கும் கண்ணி 1960-களின் தொடக்கம் வரை மெலிந்தே இருந்தது. பருத்திக்கும் கரும்புக்கும் எண்ணெய் வித்துக்கும் தனித்தனிக் குழுக்கள், தனித்தனி நிதி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையிலோ ஆட்சிப் பணி அதிகாரிகளே இருந்து வந்தார்கள்.

உணவுப் பஞ்சம் நெருக்கிய நேரத்தில், 1964-இல் உணவு, வேளாண் அமைச்சரான சி. சுப்பிரமணியம் இந்த முறையை மாற்றினார். 1965-இல் கோதுமை விஞ்ஞானி பி.பி. பால், கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். சிதறிக் கிடந்த ஆய்வு நிலையங்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. 1973-இல் வேளாண் ஆராய்ச்சிக்கெனத் தனித் துறை அமைந்தபோது, தலைமை இயக்குநரே அதன் செயலாளரும் ஆனார். இந்தியாவின் அறிவியல் ஆலோசனை வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவைச் சொல்வது கடினம். அதுவரை கருத்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்த விஞ்ஞானி, கோப்பில் கையெழுத்திடும் இடத்துக்கு வந்தார்.

அதே 1965-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டம் ஐதராபாத்தில் தொடங்கியது. அதன் வேலைமுறை எளிமையானது, கறாரானது. எந்த மாநிலத்தில் உருவான புதிய நெல்லானாலும், பெயரை மறைத்து எண் மட்டும் கொடுத்துப் பல மாநிலத் திடல்களுக்கு அனுப்புவார்கள். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நிலையமும் அவற்றில் ஒன்று. அந்தந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பெயர்பெற்ற ரகத்தின் பக்கத்திலேயே அதை நட்டு, விளைச்சலையும் நோய் தாங்கும் திறனையும் சில ஆண்டுகள் ஒப்பிடுவார்கள். யார் உருவாக்கியது என்று தெரியாததால் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. தேறிய ரகத்தை 1966 விதைச் சட்டத்தின்படி அறிவிக்கை செய்வார்கள். பிறகுதான் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருகும். விவசாயி வாங்கும் மூட்டையில் தொங்கும் நீல அட்டை இந்த வரிசையின் கடைசிப் படி.

டெல்லியில் அமைச்சரவைக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள் பெயர் மாறி மாறி வந்தன. 1956-இல் ஹோமி பாபா தலைமையில் ஒரு குழு. 1971-இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு, அதன் தலைவர் அதே சி. சுப்பிரமணியம், 1999-இல் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், அதன் முதல் ஆலோசகர் அப்துல் கலாம், 2018-இல் பிரதமரின் ஆலோசனைக் குழு. துறைகளுக்குக் குறுக்கே பார்ப்பது இவற்றின் வேலை. ஆனால் இவற்றுக்குக் கீழே நெல் மேம்பாட்டுத் திட்டம் போன்ற உறுதியான அமைப்பு இல்லாத துறைகளில் ஆலோசனை அறிக்கையாகவே தங்கிவிடுகிறது.

நெல்லுக்கு அந்த அமைப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் காவிரி டெல்டாப் பயிர் மூழ்குவது பழைய துயரம். வெள்ளம் தாங்கும் மரபணு ஒன்று ஒடிசாவின் நாட்டு நெல்லில் இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து அதை அடையாளம் கண்டு 2006-இல் வெளியிட்டார்கள். அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1, தண்ணீருக்கடியில் வீணாக நெடுநெடுவென வளராமல் சத்தைச் சேமித்து, சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் நீர் வடிந்ததும் துளிர்க்கிறது.

கீழிருந்து மேலே செல்லும் வழியும் உண்டு, அது குறுகலானது. ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திலும் உள்ள அறிவியல் ஆலோசனைக் குழுவில் விஞ்ஞானிகள், துறை அதிகாரிகளோடு விவசாயிகளும் உறுப்பினர்கள். அடுத்த ஆண்டு எதைச் சோதிப்பது என்று பேசப்படும் இடம் அது. எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்த வயலில் தண்ணீர் இரண்டு வாரத்துக்கு மேலும் வடியாமல் நிற்கிறது என்பது அங்கே உட்காரும் விவசாயிக்குத்தான் தெரியும். அவர் சொல்வது கூட்டக் குறிப்பில் ஏறினால்தான் ஐதராபாத்துக்கும் டெல்லிக்கும் போகும்.