ஒளி மருந்து: இரைப்பையின் நல்ல திசுவைக் காப்பது எது?

ஒளியால் தூண்டப்படும் மருந்து புற்றுச் செல்களை மட்டுமே தேடி அழிக்கும் என்று நோயாளிகளிடம் சொல்லப்படுகிறது. இரைப்பையைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். சிரை வழியாக ஏற்றப்படும் இந்த மருந்து, அதாவது போர்ஃபிமர் சோடியம், உடலெங்கும் பரவுகிறது. கட்டியில் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது, அவ்வளவே. சுற்றியுள்ள நல்ல உட்சவ்விலும் அது இருக்கும்.

40 முதல் 50 மணி நேரம் கழித்து எண்டோஸ்கோப் வழியே 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளி பாய்ச்சப்படுகிறது. அப்போது மருந்தின் வழியே உருவாகும் சிங்லெட் ஆக்சிஜன் என்ற வீரியமிக்க ஆக்சிஜன்தான் செல்லைக் கொல்கிறது; அது பிறந்த செல்லைத் தாண்டி அதிகம் நகர்வதற்குள் அழிந்துவிடும். ஆகவே ஒளி படாத இடத்துக்குச் சேதமில்லை. ஆனால் இரைப்பைச் சுவர் வளைந்தது, மூச்சுக்கு மூச்சு அசைவது. கட்டியின் விளிம்பும் எப்போதும் தெளிவாகத் தெரியாது. எதுவும் விடுபடக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் ஓரளவு நல்ல திசுவின் மீதும் ஒளி பாய்ச்சித்தான் ஆகவேண்டும். அந்தத் திசுவைக் காப்பது எது?

வெயிலில் கிடக்கும் சாயத்துணி போல மருந்தும் ஒளியில் வெளுக்கிறது. எந்த ஒளி அதைத் தூண்டுகிறதோ அதே ஒளி அதைச் சிதைக்கவும் செய்கிறது. செல் சாக ஒரு குறிப்பிட்ட அளவு ஆக்சிஜன் தாக்குதல் வேண்டும். நல்ல திசுவில் மருந்து குறைவு என்பதால், அந்த எல்லையை எட்டுமுன்பே அது வெளுத்துத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஒளி பாய்ந்தாலும் கெடுதல் அதிகரிக்காது. கட்டியிலோ மருந்து தீருமுன்பே எல்லை தாண்டப்படுகிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் நிலையத்தில் தாமஸ் டௌகர்ட்டியின் குழுவினர் 1987-இல் இதை விளக்கினர்.

இந்தக் காப்பு மருந்தளவைப் பொறுத்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மருந்து மிகுந்தால் நல்ல திசுவும் எல்லையைத் தாண்டிவிடும். பிறகு ஒளியைக் கூட்டிக் குறைப்பது மட்டுமே மிஞ்சும். வழக்கமான அளவோ எல்லோருக்கும் ஒன்றுதான்: உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஒருவரின் உட்சவ்வில் உண்மையில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அளந்து பார்க்காமல் ‘தேர்ந்து தாக்கும்’ என்று உறுதி கூறுவது சரியல்ல.

இன்னொரு காப்பும் உண்டு. வெப்பத்தைப் போல இந்த ஒளிச் சிகிச்சை, திசுவைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கருக்குவதில்லை. லண்டனில் எலிகளின் பெருங்குடலில் நடந்த ஆய்வுகளில், செல்கள் மடிந்த பிறகும் கொலாஜன் சட்டகம் நின்றது, சுவரின் வலிமையும் குறையவில்லை. அதற்காக எல்லா உறுப்பும் இப்படியே ஆறும் என்று கொள்ள முடியாது. பாரெட் உணவுக்குழாய் என்ற உட்சவ்வு மாற்ற நோய்க்கு இதே மருந்தைக் கொடுத்துச் செய்த பெரிய சோதனையில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் குழாய்ச் சுருக்கம் ஏற்பட்டது.

வாசகர்கள் கேட்கும் மற்றவை:

வெயிலில் போகலாமா? குறைந்தது 30 நாள் கூடாது, சன்ஸ்கிரீனும் உதவாது.

இருட்டறையில் அடைந்து கிடக்க வேண்டுமா? வேண்டாம், வீட்டின் மிதமான வெளிச்சம் தோலிலுள்ள மருந்தை மெல்ல வெளுக்கச் செய்யும்.

இரைப்பைக்கு இது முதல் சிகிச்சையா? இல்லை; ஜப்பான் 1994-இல் மேலோட்டமான இரைப்பைப் புற்றுக்கு இதை அனுமதித்தது, ஆனால் இன்று அங்கே எண்டோஸ்கோப் வழியே கட்டியை அறுத்தெடுப்பதே முதல் வழி.

ஆழமாகப் பரவிய கட்டிக்கு? பயனில்லை, சிவப்பொளி வேலை செய்யும் ஆழம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான்.