விபத்தில் பெயர்ந்த பல்: காரணங்களும் மீள்நடுகை மருத்துவமும்

ஆய்வுச்சுருக்கம்

விளையாட்டிலும் விபத்திலும் உடையும் அல்லது முழுமையாகப் பெயரும் முன்பற்களைக் காப்பதில், மருத்துவரை அடைவதற்கு முன்னுள்ள நேரமே பெரும்பங்கு வகிக்கின்றது. பற்காயங்களின் காரணங்களையும் வகைகளையும், பெயர்ந்த நிலைப்பல்லை மீண்டும் நடும் முறையையும், அதன் உயிரியல் அடிப்படையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பற்காயம், நிலைப்பல், பற்சூழ் இழை, மீள்நடுகை, முதலுதவி

முன்னுரை

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. தொல்காப்பியப் பிறப்பியலும் தகர, நகரங்களின் பிறப்பில் மேற்பல்லின் அடியையும், வகரத்தின் பிறப்பில் பல்லும் இதழும் இயைதலையும் குறிப்பிடுகின்றது. முதுமையில் நேரும் இவ்விழப்பு, விபத்தினால் எட்டு வயதுச் சிறுவனுக்கும் நேரக்கூடும். அவன் பல்லை இழப்பதும் காப்பதும் பெரும்பாலும் அருகில் நிற்பவர் செய்யும் முதலுதவியைப் பொறுத்தே அமைகின்றன.

காயங்களின் காரணங்கள்

விபத்தில் மிகுதியும் பாதிக்கப்படுபவை மேல்தாடையின் நடு வெட்டுப்பற்கள் ஆகும். இவை ஏறத்தாழ 7 அல்லது 8 வயதில் முளைக்கின்றன. இவற்றின் வேர் முழுமை பெற மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஆகின்றன. இவ்விடைக்காலத்தில் பற்சூழ் இழைகள் உறுதிப்படாமையால், அடிபட்ட பல் உடைவதைவிடக் குழியிலிருந்து பெயர்வது எளிதாகின்றது. கீழே விழுதல், மிதிவண்டி மற்றும் சாலை விபத்து, பந்து அல்லது மட்டை தாக்குதல், கைகலப்பு ஆகியன முதன்மைக் காரணங்கள். முன்பற்கள் துருத்தியிருப்போருக்கும், உதடுகள் பற்களை முழுதும் மூடாதோருக்கும் இடர் கூடுதல். சொத்தையால் வலுவிழந்த பல், கடினமான பண்டத்தைக் கடிக்கும்போதே உடைவதும் உண்டு.

உடைவின் வகைகளும் மருத்துவமும்

உடைவின் ஆழமே மருத்துவத்தைத் தீர்மானிக்கின்றது. எனாமல் மட்டும் உடைந்திருப்பின் கூர்முனையைத் தேய்த்து மழுப்பினாலோ, பல்நிற நிரப்புப்பொருளால் சீரமைத்தாலோ போதும். அதற்கடுத்த டென்டைன் வெளிப்பட்டால் குளிர்ச்சியும் காற்றும் கூச்சம் தரும். உடைந்த துண்டு கிடைத்தால் அதனையே மீண்டும் ஒட்ட இயலும். ஆகவே அத்துண்டை ஈரத்தில் இட்டு எடுத்துச் செல்லுதல் வேண்டும். பற்கூழ் வெளிப்பட்டுச் செம்புள்ளியாகத் தெரியுமாயின், வேர் வளரும் வயதினருக்குக் கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி, எஞ்சியதை உயிருடன் காப்பதே சிறந்தது. கூழ் உயிரோடிருந்தால்தான் வேர் வளர்ந்து முழுமை பெறும். வேரின் நடுப்பகுதி முறிந்திருப்பின் பல்லை உரிய இடத்தில் பொருத்தி ஏறத்தாழ நான்கு வாரங்கள் அணைகட்டுவர்.

மீள்நடுகையின் உயிரியல் அடிப்படை

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய இழைப்படலம் ஒன்று உள்ளது. பல் பெயரும்போது இப்படலம் கிழிந்து, அதன் ஒரு பகுதி வேரின் மீதே ஒட்டிக்கொண்டு வருகின்றது. அதன் உயிரணுக்கள் உயிருடன் இருந்தால், மீண்டும் நட்ட பல் இயல்பாகப் பற்றிக்கொள்ளும். அவை உலர்ந்து மடிந்தால், எலும்பு வேரோடு நேரடியாக இணைந்து, நாளடைவில் வேரைக் கரைத்துத் தன்மயமாக்கிவிடும். டென்மார்க் அறிஞர் ஆண்ட்ரியசன், தம் உடன் ஆய்வாளருடன் 110 மீள்நடப்பட்ட பற்களை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட ஆய்வு, பல் வெளியே இருந்த நேரம் கூடக்கூட வேர் கரைதலும் கூடுவதைப் புலப்படுத்தியது. 60 நிமிடங்களுக்கு மேல் உலர்ந்து கிடந்த பல்லின் உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

முதலுதவி

முதலுதவி விதிகள் யாவும் இவ்வோர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன. பல்லை வேரில் தொடாது, வெண்ணிற மேற்பகுதியைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். அழுக்கிருப்பின் பாலிலோ, உப்புக்கரைசலிலோ, காயமுற்றவரின் உமிழ்நீரிலோ மென்மையாக அலசலாம். சுரண்டுதலும் சோப்பிடுதலும் கூடா. உடனே குழியில் பொருத்தி, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் செய்வது தலைசிறந்தது. அஃது இயலாதாயின் பல்லைப் பாலில் இட்டு விரைதல் வேண்டும். காகிதத்தில் மடித்தெடுத்துச் செல்வது பல்லை உலர்த்திவிடும். தண்ணீர் உலர விடுவதைவிட மேலாயினும், உயிரணுக்களுக்கு உகந்ததன்று. இளநீர் குறித்துச் சென்னை ஆய்வாளர்கள் 2008இல் சாதகமான முடிவை வெளியிட்டனர்; எனினும் அதன் அமிலத்தன்மையைச் சுட்டும் பிற ஆய்வுகள் அதற்கு மாறுபட்டன. எனவே எளிதில் கிடைக்கும் பாலே நம்பத்தக்கது.

பால்பல்லை மட்டும் மீண்டும் நடலாகாது. அது கீழே வளரும் நிலைப்பல்லின் முளையைச் சிதைக்கக்கூடும். விழுந்தவருக்கு மயக்கமோ வாந்தியோ இருப்பின் தலைக்காய மருத்துவமே முதலிடம் பெறும்.

மருத்துவமும் தொடர் கண்காணிப்பும்

நட்ட பல்லை மெல்லிய கம்பியால் அண்டைப் பற்களோடு பிணைத்து இரண்டு வாரங்கள் காப்பர். பல் சற்றே அசைய இடந்தரும் பிணைப்பே இழைகள் ஆற உதவுகின்றது. வேர் முழுமையுற்ற பல்லுக்கு இரு வாரங்களுக்குள் வேர்ச்சிகிச்சை தொடங்கப்பெறும். வேர்நுனி திறந்திருக்கும் இளம்பல்லில் குருதியோட்டம் மீளக்கூடும் என்பதால் மருத்துவர் காத்திருந்து கண்காணிப்பர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், தேவைப்படின் ஏற்புவலித் தடுப்பூசியும் அளிக்கப்பெறும். கண்காணிப்பு குறைந்தது ஐந்தாண்டுகள் தொடர்தல் வேண்டும்.

முடிவுரை

காலந்தாழ்ந்த பல்லையும் நடுவதுண்டு. அது நிலைக்காதெனினும், வளரும் தாடையின் எலும்பையும் இடத்தையும் சில ஆண்டுகள் காக்கின்றது. ஆயினும் முழுப்பயன் முதற்சில நிமிடங்களிலேயே உள்ளது. அந்நிமிடங்களில் உடனிருப்போர் ஆசிரியரும் பெற்றோரும் விளையாட்டுப் பயிற்றுநருமே. ஆதலின் விளையாட்டில் வாய்க்காப்பு அணிவிப்பதோடு, பெயர்ந்த பல்லைக் காக்கும் முறையையும் பள்ளிகளின் முதலுதவிப் பயிற்சியில் சேர்த்தல் இன்றியமையாததாகும்.